உலோக வேர்

கல்லணையில் பிரியும் கால்வாய் பூதலூர் வட்டத்து வயல்களுக்கு நீர் கொண்டு செல்கிறது. நீர் ஓடத் தொடங்கிய சில நாள்களில் படித்துறைக் கற்கள் வழுக்கத் தொடங்குவதை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கல்லில் ஒட்டி, பசை போன்றதொரு பொருளைச் சுரந்து, அதனுள் கூடி வாழ்கின்றன. பாசியும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஓடும் நீர் இப்படலத்தை அடித்துச் செல்வதில்லை, தேய்த்தால்தான் அகலும்.

மனிதர் வாயிலும் இதுவே நிகழ்கிறது. உமிழ்நீரில் நனையும் பற்களின்மேல் இத்தகைய படலம் நாள்தோறும் படிகிறது. ஆலங்குச்சியாலும் வேப்பங்குச்சியாலும் முன்னோர் தேய்த்து அகற்றியது இதனையே. ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தம் பல்லிடுக்கில் இருந்த வெண்பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியில் நோக்கி, அதில் உயிர்கள் நெளிவதைக் கண்டு 1683இல் இலண்டன் அறிஞர் கழகத்துக்கு எழுதினார்.

விழுந்த பல்லுக்கு ஈடாக உலோக வேர் பதிக்கும் முறை அண்மைக் காலத்தது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க் 1952இல் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்க முயன்றபோது, எலும்பு அதனை இறுகப் பற்றியிருந்தது. 1965இல் அவ்வுலோகத் திருகுகளை மனிதர் ஒருவரின் தாடையில் அவர் பதித்தார். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டு இவ்வுலோகத்தின் தாதுவே ஆகும்.

டைட்டானியத்தில் சொத்தை விழாது. அங்ஙனமாயின், பதித்த திருகு சில வேளைகளில் ஆட்டங்கண்டு விழுவது ஏன்? இயற்கைப் பல்லின் வேரில் ஈற்றின் நார்கள் ஊன்றி நின்று, கிருமிகள் கீழிறங்காதபடி காக்கின்றன. உலோகத்தில் அவை ஊன்றுவதில்லை. அதனை அணைந்து நிற்பதோடு சரி. அவ்விடுக்கின் வழியே படலம் இறங்கிவிட்டால், காற்றை வேண்டாத கிருமிகள் அங்கே பெருகும். அவற்றை அழிக்க உடல் வெள்ளணுக்களை அனுப்பும். வியப்பு யாதெனின், அப்போரின் விளைவாகவே எலும்பு பெரிதும் கரைகிறது! திருகு பழுதின்றி இருக்க, அதனைப் பற்றிய எலும்பு மறைகிறது.

வலி பெரும்பாலும் தோன்றாது. துலக்கும்போது குருதி கசிவதே முதல் அறிகுறி. மருந்து உண்டால் போதும் என எண்ணுவோர் உளர். பசைக்குள் உறையும் கிருமிகளை மருந்து எளிதில் எட்டுவதில்லை. சுரண்டி எடுக்கவோ, திருகின் புரிகள் இடையூறாகும். புகைபிடிப்போருக்கும், நீரிழிவைக் கட்டுக்குள் வையாதோருக்கும், ஈறுநோயால் பல்லிழந்தோருக்கும் இவ்விடர் மிகுதி. ஆதலின் மருத்துவர் ஈறுநோயை ஆற்றிய பின்னரே திருகைப் பதிப்பர். பதித்த பின்னும் குறித்த காலந்தோறும் வரச்சொல்லி, ஈற்றின் இடுக்கை மெல்லிய கோலால் அளந்து பார்ப்பர்.