கத்தி உண்டு, ரத்தம் இல்லை

2005ல் ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த அமெரிக்க வீரர் பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு நினைவுப் பலகை வைக்க அரசு தயார். ஆனால் அதில் அவரது மதச் சின்னத்தைப் பொறிக்க மட்டும் அனுமதி இல்லை. காரணம், அவர் ‘விக்கா’ என்னும் நவீன சூனிய மார்க்கத்தைச் சேர்ந்தவர். சின்னம், வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம்: பென்டக்கிள்.

பலரும் இதைச் சாத்தானின் முத்திரை என்று நினைக்கிறார்கள். விக்கர்களோ சாத்தானை நம்புவதே இல்லை. அவர்களது பூஜை மேடையில் பென்டக்கிள் தட்டு மண்ணைக் குறிக்கிறது, கிண்ணம் நீரை. கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தியின் பெயர் ‘அதமே’. பலிக்கு அல்ல, சடங்கு வட்டத்தைக் காற்றில் வரையத்தான். மூலிகை நறுக்க வெள்ளைக் கைப்பிடிக் கத்தி தனி. கூடிச் சடங்கு செய்யும் குழு, ‘கவன்’.

இந்த மார்க்கத்தைப் பிரபலப்படுத்தியவர் ஆங்கிலேயரான ஜெரால்ட் கார்ட்னர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா சுங்க இலாகாவிலும் வேலை பார்த்தவர். கத்திகள் மீது தீராத மோகம். மலாய் கிரிஸ் கத்தி பற்றி 1936ல் புத்தகமே எழுதினார். பிரிட்டன் தனது 1735ம் வருட சூனியச் சட்டத்தை 1951ல் ரத்து செய்தது. மூன்றே ஆண்டுகளில் சூனியம் பற்றிய கார்ட்னரின் நூல் வெளிவந்தது.

ஸ்டூவர்ட்டின் மனைவி விடவில்லை. அரசுப் பட்டியலில் ஏற்கெனவே 38 சின்னங்கள் இருந்தன, நாத்திகர்களுக்குக்கூட ஒன்று. வழக்கு நீதிமன்றம் போனது. 2007 ஏப்ரலில் அரசு இறங்கி வந்தது. இப்போது அமெரிக்க ராணுவக் கல்லறைகளில் சிலுவைக்குப் பக்கத்தில் அந்த நட்சத்திரத்துக்கும் இடமுண்டு.