ஒரு மணி நேரம் உழைத்தாலும் வேலையில் இருப்பவரே!

புதுதில்லி: நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்பதற்கான விடை, எது வேலை என்பதைப் பொறுத்தே அமைகிறது.

தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 1972-73 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதைக் கணக்கிட்டது. ஓராண்டு கால நிலவரப்படி 2011-12-ல் 2.2 சதவீதமாக இருந்த வேலையின்மை, 2017-18 ஆய்வில் 6.1 சதவீதமானது. ஆய்வு முறை மாறியதால் இரண்டையும் ஒப்பிடலாகாது என்றது அரசு. அறிக்கை தாமதமானதை ஆட்சேபித்து, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணைய உறுப்பினர்கள் இருவர் விலகினர். மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகே, மே 31-ல் அது வெளியானது.

2025 முதல் மாதந்தோறும் விவரம் வெளியாகிறது. இதற்கான அளவுகோல் ஒரு வாரம். அதில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தவரும், குடும்பக் கடையில் ஊதியமின்றி உதவும் பெண்ணும் வேலையில் இருப்பவர்களே. கணக்கு விரைவாக வருகிறது. அந்த வேலை வயிற்றை நிரப்புமா என்பதை அந்த ஒற்றைச் சதவீதம் சொல்வதில்லை.