ஆவியாகப் போகும் காசு



பேட்டையில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யும் ஒரு குழுவின் வரவு செலவுப் புத்தகத்தைச் சமீபத்தில் பார்த்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய், கூலி எல்லாம் தேதி போட்டு ஒழுங்காக எழுதியிருந்தார்கள். கேஸ் என்ற இடத்தில் மட்டும் "சிலிண்டர் 1" என்று இருந்தது. அது எத்தனை நாள் வந்தது என்று இல்லை.

"பத்து நாள் வரும்னு நெனச்சோம்க்கா. ஏழு நாள்லயே முடிஞ்சு போவுது. இட்லி வெலையக் கூட்டுனா ஆளு வரமாட்டாவ. கடன் தவணைய எப்படிக் கட்ட?" என்று குழுத் தலைவி கேட்டார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், "வீட்டு சிலிண்டர வச்சு ஓட்டிரலாமா?" என்றார். அந்த யோசனையே வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். வியாபாரத்துக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும். மாற்றி வைப்பது சட்டப்படி தவறு, பிடிபட்டால் சிலிண்டரும் போகும். விபத்து என்று வந்துவிட்டால் இழப்பீடு கேட்பதும் சிக்கலாகிவிடும்.

பெரிய அண்டாவில் சமைப்பது நம்ம சீமைக்குப் புதுசு இல்லை. காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் அப்போது நமது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் பொறுப்பு குழுப் பெண்களின் கைக்கு வந்தது. அதில் சமைத்தவர்களுக்குத் தெரியும், மணி அடிப்பதற்குள் உப்புமாவும் பொங்கலும் தயாராக வேண்டும். அந்த அவசரத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பர்னரை முழுசாகத் திறந்து விடுவோம், கடைசி வரை குறைக்க மாட்டோம்.

காசு போவது அங்கேதான்.

கொதித்த பிறகு என்ன நடக்கிறது?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் அது சூடேறாது. தீயை இரண்டு மடங்கு கூட்டினாலும் சாம்பார் 100 டிகிரியிலேயேதான் நிற்கும், பருப்பு சீக்கிரம் வேகாது. அப்படியானால் கூடுதலாக எரியும் கேஸ் எங்கே போகிறது? தண்ணீரை ஆவியாக்கி மேலே அனுப்புகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழெட்டு மடங்கு வெப்பம், அதே ஒரு லிட்டரை முழுசும் ஆவியாக்க வேண்டும். கேஸ் கணக்கில் பார்ப்போம். எரியும் வெப்பத்தில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க சுமார் 13 கிராம் கேஸ் போதும். அதை ஆவியாக்க ஏறக்குறைய 100 கிராம் ஆகும். சாம்பார் அண்டா, சோற்று உலை, இட்லிக் கொப்பரை மூன்றிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 லிட்டர் வீணாக ஆவியானால், 25 நாளில் ஏழரை கிலோ கேஸ். 19 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

அதனால் தளதளவென்று கொதி வந்த உடனே தீயைக் குறைத்து மூடி போடுங்கள். லேசாக முட்டை விட்டுக் கொதித்தால் போதும், அதே நேரத்தில் வெந்துவிடும். இட்லிக் கொப்பரையின் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி சீறுகிறதா? உள்ளே தேவையான ஆவி நிறைந்துவிட்டது, மிச்சம் எல்லாம் கூரைக்குப் போகிறது. குக்கரும் அப்படியே. உள்ளே அழுத்தம் கூடுவதால் சூடு 120 டிகிரி வரை போகிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது. ஆனால் ஒவ்வொரு விசிலும் வெளியே போகும் ஆவிதான். முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். விசிலை எண்ணிச் சமைத்த கைக்கு இது பழக ஒரு வாரம் ஆகும். நிமிடத்தைப் பார்த்துச் சமைக்கப் பழக வேண்டும்.

துவரம் பருப்பை அரை மணி நேரமாவது, கொண்டைக்கடலையை இரவு முழுதும் ஊற வையுங்கள். ஊறுவதற்குக் கேஸ் கிடையாது. நம்ம ஊர் வெயிலையும் சும்மா விட வேண்டாம். மதியச் சமையலுக்கான தண்ணீரை மூடிய பாத்திரத்தில் காலையிலேயே வெயிலில் வைத்தால் வெதுவெதுப்பாகக் கிடைக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று அமைத்து, வெயிலிலேயே நீராவி எடுத்துச் சமைக்க ஏற்பாடு செய்தார்கள். நமக்கு அவ்வளவு முதல் போட முடியாது, வெயில் என்னவோ ஒன்றுதான்.

(அல்வா போடுகிற சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோதுமைப் பால் வற்றினால்தான் அல்வா. அங்கே ஆவி போவதுதான் வேலையே, மூடி போட முடியாது.)

அடுப்பும் காற்றும்

சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால், பாத்திரத்தின் அடி கறுத்தால், கேஸ் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பர்னர் ஓட்டைகளில் பொங்கி வழிந்த கஞ்சி அடைத்திருக்கும். அடுப்பு ஆறிய பிறகு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி நக்கக் கூடாது. அகலமான அடி உள்ள பாத்திரமே நல்லது.

மின்விசிறி பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சித்திரை வெயிலில் அண்டா முன்னால் நிற்பவருக்கு விசிறி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் நேராக அடுப்பைப் பார்த்து வீசும் விசிறி சுடரைச் சாய்த்து வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அடுப்புக்கு மேலே சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி வையுங்கள், மூன்று பக்கமும் தகரத் தடுப்பு கட்டுங்கள். நம் முகத்தில் அடிக்கும் அனலும் நாம் காசு கொடுத்து வாங்கிய கேஸ்தான்.

இன்னொன்று. பெரிய பர்னர்கள் ஒரே நேரத்தில் எரியும்போது சிலிண்டர் வேர்த்து, சில நேரம் வெளியே வெள்ளையாகப் பனி பிடித்துவிடும். உள்ளே திரவமாக இருப்பது வாயுவாக மாறவும் வெப்பம் வேண்டும், அதைச் சிலிண்டரிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. சிலிண்டர் குளிர்ந்தால் அழுத்தம் குறையும், தீ மங்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து மாற்றிவிடுகிறோம், உள்ளே கேஸ் மீதி இருக்கும்! வெந்நீர் ஊற்றுவதும் படுக்க வைப்பதும் ஆபத்து. இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்துத் தரும்படி ஏஜென்சி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மீதி இருக்கிறதா என்று தெரிய எடைதான் வழி. காலி எடை சிலிண்டரின் மேல் வளையத்தில் எழுதியிருக்கும். வாரம் ஒரு நாள், சமையலுக்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து, எத்தனை கிலோ கேஸ், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று நோட்டில் எழுதுங்கள். திரும்ப மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்க மறக்க வேண்டாம். பேட்டைக் குழு எழுத ஆரம்பித்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நீங்களும் நோட்டைக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.