காலி சிலிண்டர் எங்கே போகிறது?

ராபர்ட்சன்பேட்டைக்கு கேஸ் வண்டி வருகிறது. நிறைந்த சிலிண்டரை இறக்குகிறார்கள். காலியை ஏற்றிக்கொள்கிறார்கள். அந்தக் காலி ஏஜென்சி குடோனுக்குப் போகும். அங்கிருந்து லாரியில் கேஸ் நிரப்பும் ஆலைக்குத் திரும்பும். ஆலையில் பழுதானதை ஒதுக்குவார்கள். சோதனைக் கெடு வந்ததையும் பிரித்து வைப்பார்கள். அதில் தண்ணீரை அழுத்தி நிரப்பிச் சோதிப்பார்கள்.

கெடு தாண்டிய ஒன்று தப்பி வந்துவிட்டால்? நம் லைன் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பவை. ஒரு வீட்டில் கசிந்தால் வரிசைக்கே ஆபத்து.

மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்பக்கம் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி 29' என்றால் 2029 ஜூன் முடிய. கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். அதே வண்டியில் திருப்பி அனுப்புங்கள். அக்கம்பக்கத்துச் சிலிண்டரையும் படித்துச் சொல்லுங்கள்.

கேஸ் கசிந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறங்கள். வெளியே வந்து 1906க்கு போன் செய்யுங்கள்.