டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடுங்க!

ஹாஸ்டல் மெஸ்ஸுல அரசியல் பேசி முடிச்சு, 'நான் சொன்னது தப்பு மச்சி'ன்னு யாராவது ஒப்புக்கிட்டுப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை!

சொன்ன ஒருத்தர் இருக்கார். அமெரிக்காவின் வில்லியம் எஃப். பக்லி. பக்கா பழமைவாதி. 1955-ல் 'நேஷனல் ரிவ்யூ' பத்திரிகையைத் தொடங்கியவர். 1962-ல் இருந்து 2008-ல் இறக்கும் வரை நாட்டு நடப்பு பற்றி செய்தித்தாள்களில் எழுதித் தள்ளினார். வரி குறையணும், அரசாங்கம் எதிலும் மூக்கை நுழைக்கக் கூடாது, கம்யூனிசம் ஆகவே ஆகாது... இதுதான் அவர் பல்லவி. 'ஃபயரிங் லைன்' டி.வி. நிகழ்ச்சியில் எதிர்க்கருத்துக்காரர்களையும் உட்கார வைத்து, 33 வருஷம் வாதாடினார்.

ஆனா, 1957-ல் அவர் பத்திரிகை பெரிய தப்பு பண்ணுச்சு. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையை மறுத்த வெள்ளையர்களை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. 2004-ல், 78 வயதில், மத்திய அரசு தலையிட்டது அவசியம்தான், தான் நினைத்தது தப்பு என்று பக்லி ஒப்புக்கொண்டார்.

பெரிய மனசுதான். ஆனா, நடுவுல 47 வருஷம் ஓடிப்போச்சே! நல்லவேளை, அவருக்காகக் காத்திருக்காமல் 1965-லேயே ஓட்டுரிமைச் சட்டம் வந்துவிட்டது.

அதனால மக்களே, கருத்து சொல்லுங்க, சண்டையும் போடுங்க. தப்புன்னு தெரிஞ்சா மட்டும், டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடுங்க!