பட்டாவிலுள்ள பெயரும் சர்க்கார் உதவியும்

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்த பண்பொழிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உதவுகின்றன. அருகிலுள்ள அடவிநயினார் அணையில் அனுமாநதி நீர் தேக்கப்படுகிறது. ஆயினும் சரிவான நிலத்தில் மழைநீர் தங்காது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு இறங்கிவிடுவதால், கோடையில் தென்னந்தோப்புக்காரர்கள் கிணற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. நீரையும் மண்ணையும் காக்கச் சர்க்கார் அளிக்கும் பண உதவி இத்தகைய இடங்களுக்கே மிகவும் வேண்டுவதாகும்.

இவ்வுதவி புதிதன்று. 1883-ம் வருஷத்து நில அபிவிருத்திக் கடன் சட்டத்தின்படி கிணறு வெட்டவும், குளம் அமைக்கவும், வெள்ளத்தாலும் அரிப்பாலும் நிலம் கெடாமல் தடுக்கவும் கடன் வழங்கப்பட்டது. தவணைக்காலம் சாதாரணமாக 35 வருஷத்துக்கு மேற்படலாகாது. தவறினால் நிலவரிப் பாக்கிபோல வசூலிக்கப்படும். இக்காலத்திலோ கடனைவிட மானியமே பெரிதாகப் பேசப்படுகிறது. சொட்டு நீர்ப்பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூற்றுக்கு 100-ம், மற்றவர்களுக்கு 75-ம், நிர்ணயித்த விலைவரம்புக்குட்பட்டு மானியமாகக் கிடைக்கிறது. நஞ்சையில் இரண்டரை ஏக்கர், புஞ்சையில் ஐந்து ஏக்கர் வரை உடையவர் சிறு விவசாயி ஆவார். இதற்குத் தாசில்தாரின் சான்று வேண்டும். வேலை உத்தரவு வருமுன் குழாய் பதித்துவிட்டு மானியம் கேட்பது வீண் அலைச்சலே.

பலர் தடைப்படுவது இதனினும் முந்திய படியிலாகும். பாட்டனார் பெயரிலிருக்கும் மூன்று ஏக்கர் தோப்பை அவர் மக்கள் மூவர் வாய்மொழியாகப் பங்கிட்டு, வரப்பிட்டு அனுபவித்து வருவதாக வைத்துக்கொள்வோம். ஊரில் யாருக்கும் அதில் ஐயமில்லை. ஆனால் கணக்கில் இன்னும் பாட்டனாரே மிராசுதார்! மூவரில் ஒருவர் மனுச் செய்தால் அதிகாரி பார்ப்பது வரப்பையன்று, பட்டாவையும் அடங்கலையும் புலப்படத்தையுமே. பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாயும், 1-2-2019 அன்று நிலக்கணக்கில் பெயருள்ளவருக்கே உரியது. அத்தேதிக்குப் பின் மரணத்தால் வாரிசுரிமையாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்குண்டு.

ஆகையால் முதலில் வாரிசுச் சான்று பெறுக. பிறகு வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவுக்காவது மனுச் செய்க. தனிப் பட்டா வேண்டுவோர் பாகப்பிரிவினையைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு நில அளவையும் செய்துகொள்ள வேண்டும். பசலி முடிவில் நடைபெறும் ஜமாபந்தியிலும் மனுக் கொடுக்கலாம். சகோதரர்களுக்குள் மனத்தாங்கல் வருமென்று அஞ்சிப் பத்திரத்தைத் தள்ளிப்போடுவது இயல்பே. ஆனால் பேரன்மார் காலத்தில் கையெழுத்திட வேண்டியவர் மூவரல்லர், பன்னிருவராவர். அவர்களில் சிலர் பம்பாயிலோ துபாயிலோ இருப்பர்.

குத்தகைதாரர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. உரியவர் சம்மதித்தால் பிறருக்கும் கடன் தரலாமென்று 1883-ம் வருஷத்துச் சட்டம் இடமளித்தது, பி.எம். கிசானில் குத்தகைதாரருக்கு இடமில்லை. எனினும் 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி, உழுபவர் தம் பெயரைப் பதியுமாறு தாலுகாவின் பதிவு அதிகாரியிடம் மனுச் செய்யலாம். குத்தகைச் சீட்டு இருப்பின் அதையும், குத்தகை செலுத்திய ரசீதுகளையும் மனுவுடன் சேர்ப்பது நலம். ரசீது வாங்கும் வழக்கமில்லாதவர்கள் இவ்வறுவடை முதலாவது கேட்டு வாங்குக.