கடல் தாண்டும் காசு – 7: கல்லாவில் கேட்கும் அந்தக் கேள்வி

வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த கிரெடிட் கார்டை எடுத்துப் போகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும், பெயரைச் சொன்ன கையோடு ஒரு காரணமும் வரும்: “இதுல லவுஞ்ச் ஃப்ரீ சார்.” சென்ற வாரம் ரொக்கமாக டாலர் வாங்குவதைப் பற்றிப் பேசினோம். கார்டு பக்கம் திரும்புமுன் இந்த லவுஞ்ச் கணக்கை முடித்துவிடலாம்.

விமான நிலைய விலையில் நாலு பேர் டிபன் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். அதனால் இலவச சாப்பாட்டையும் சாய்ந்து உட்கார ஒரு சோபாவையும் நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ‘லவுஞ்ச் இலவசம்’ என்று விற்கப்படும் பல கார்டுகளில் அந்தச் சலுகை உள்நாட்டு முனையத்துக்கு மட்டும்தான். சிங்கப்பூர் விமானத்துக்குக் காத்திருப்பவருக்கு அதனால் பலன் இல்லை. போதாக்குறைக்கு, முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனையும் இப்போது பல வங்கிகளில் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற இந்த மரியாதைக்காக, பயணம் முழுக்க ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு நாலு ரூபாய் கொடுக்கிறவர்கள்தான் அதிகம்.

அந்த நாலு ரூபாய்க்குப் பெயர் பாரெக்ஸ் மார்க்கப். நீங்கள் சிங்கப்பூரில் டாலரில் செலவு செய்கிறீர்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு அன்றைய தன்னுடைய விகிதத்தில் அதை ரூபாயாக்குகிறது. இந்த விகிதம் பொதுவாக நியாயமானதுதான். சந்தை விலையை ஒட்டியே இருக்கும், அவர்கள் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதன் மேல் உங்கள் வங்கி தன் பங்குக்கு ஒரு சதவீதத்தை ஏற்றுகிறது. சாதாரணமாக நம் ஊர் கார்டுகளில் இது 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இரண்டையும் சேர்த்தால் 4.13 சதவீதம். கொஞ்சம் உயர்தரக் கார்டுகளில் 2 சதவீதம், வரியோடு 2.36. எதுவுமே பிடிக்காத கார்டுகளும் இருக்கின்றன.

பல வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டில் இது தனி வரியாகவே வரும். மேலே கடையின் பெயரும் டாலர் தொகையும். சில வரிகள் தள்ளி ‘மார்க்கப்’ என்று ஒரு சின்னத் தொகை. அதற்கும் கீழே அதன் ஜி.எஸ்.டி. ஒவ்வொன்றும் முப்பது, ஐம்பது என்று இருப்பதால் கண்ணை உறுத்தாது. ஒரு குடும்பம் பயணத்தில் கார்டில் 2 லட்சம் செலவு செய்தால் இந்தச் சில்லறை வரிகளின் கூட்டுத்தொகை 8,260 ரூபாய்.

மார்க்கப் இல்லாத கார்டு என்றால் ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியின் வாவ், ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்கேப்பியா, ஆர்பிஎல் வங்கியின் வேர்ல்டு சஃபாரி ஆகியவை பலரும் சொல்லும் பெயர்கள். இதில் வாவ் கார்டு ஃபிக்சட் டெபாசிட்டின் பேரில் தருவது. சம்பளச் சீட்டு காட்ட முடியாத ஓய்வு பெற்றவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் அதுதான் வசதி. பெயர்களை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். நிபந்தனைகளை வங்கிகள் நினைத்த நேரத்தில் மாற்றும். கார்டோடு வரும் ‘முக்கிய விதிமுறைகள்’ தாளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்ற ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படியுங்கள். விற்க வருபவரிடம் அதே வரியைக் காட்டச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் பாயின்ட்டுக்குத் தாவிவிடும்.

பாயின்ட்டையும் பார்ப்போம். 2 சதவீத மார்க்கப் உள்ள கார்டு, வெளிநாட்டுச் செலவுக்கு நூறு ரூபாய்க்கு உண்மையிலேயே மூன்று ரூபாய் பெறுமானம் திருப்பித் தந்தால், மார்க்கப் இல்லாத, பாயின்ட்டும் இல்லாத கார்டைவிட அது மேல். இங்கே ‘உண்மையிலேயே’ என்பதில்தான் சிக்கல். ஒரு பாயின்ட் என்றால் ஒரு ரூபாய் என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. பல கார்டுகளில் அது 25 காசு. விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் ஒரு மதிப்பு, மிக்ஸி வாங்கினால் வேறு மதிப்பு. பாயின்ட்டை மைலாக மாற்றி, சீட் இருக்கிற தேதி பார்த்து டிக்கெட் போடும் பொறுமை உள்ளவர்களுக்கு அது லாபம். மற்றவர்கள் சதவீதத்தைப் பார்ப்பதே நல்லது.

ஆண்டுக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். கட்டணம் 3,000 ரூபாய் என்றால் வரியோடு 3,540. 4.13 சதவீதத்தை மிச்சப்படுத்தி அதை ஈடுகட்ட வருடத்துக்குச் சுமார் 86,000 ரூபாய் வெளிநாட்டில் செலவழிக்க வேண்டும். நாலு வருடத்துக்கு ஒருமுறை இலங்கைக்கு ஒரு எட்டு போய்வருபவருக்குக் கட்டணமே இல்லாத கார்டு போதும்.

சரியான கார்டை எடுத்துப் போய்விட்டீர்கள். இனி பணம் போகும் இடம் வேறு. சிங்கப்பூரில் ஒரு கடை. பில் 300 டாலர். ஒரு டாலர் 66 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்டைச் செருகியதும் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு தொகைகள் தெரிகின்றன: மேலே சிங்கப்பூர் டாலர், கீழே இந்திய ரூபாய். கல்லாவில் இருப்பவர் மெஷினைத் திருப்பிக் காட்டி, “உங்க ஊர் பணத்துலயே போட்டுடவா?” என்கிறார். ஊர் விட்டு ஊர் வந்து ரூபாயைப் பார்த்ததில் மனசு குளிர்ந்து, பின்னால் நிற்கும் வரிசையும் உறுத்த, தலையாட்டிவிடுகிறோம்.

இதற்கு டி.சி.சி. என்று பெயர். ரூபாயாக்கும் வேலையை விசாவிடமிருந்து பிடுங்கி, கடைக்கு மெஷின் கொடுத்த நிறுவனமே செய்கிறது. விகிதம் அவர்கள் வைத்ததுதான். லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு போகலாம். அவர்கள் 5 சதவீதம் ஏற்றியிருந்தால் 19,800 ரூபாயாக இருக்க வேண்டியது 20,790 ஆகிவிடும். ரூபாயில்தானே கட்டினோம், மார்க்கப் மிச்சம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செய்த பரிவர்த்தனைக்கும் நம் வங்கிகள் கட்டணம் வைத்திருக்கின்றன. அது 1 சதவீதம் என்றே வைத்தாலும் வரியோடு இன்னொரு 245 ரூபாய். மொத்தம் 21,035. டாலரிலேயே கட்டியிருந்தால் 3.5 சதவீத கார்டுக்குக்கூட 20,618தான். மார்க்கப் இல்லாத கார்டை வைத்துக்கொண்டு ரூபாய் பட்டனை அழுத்தினால், தேடிப் பிடித்து அந்த கார்டை வாங்கிய பலன் அந்த நொடியிலேயே போச்சு.

இரண்டில் எது என்று வாடிக்கையாளரைக் கேட்டாக வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும்கூட. கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு வேஷத்தில் வரும். ‘மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும். அதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. வீட்டில் உட்கார்ந்து ஓட்டல் அறை பதிவு செய்யும்போதும் கவனம் தேவை. தளம் ரூபாயில் விலை காட்டினாலும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால் அந்த 1 சதவீதக் கட்டணம் ஸ்டேட்மென்ட்டில் வந்து நிற்கும்.

ஏடிஎம் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்: கிரெடிட் கார்டைப் போட்டு ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த தொகையில் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் என்பது பல வங்கிகளின் கட்டணம். கடையில் செலவழித்தால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த அன்றே மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ரொக்கத்துக்கு டெபிட் கார்டோ, முன்பே பணம் ஏற்றிக்கொள்ளும் பாரெக்ஸ் கார்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் குழப்பம் இன்னும் தீரவில்லை. 2023 மே 16-ஆம் தேதி, வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும் ஒருவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்றிருக்கும் வரம்புக்குள் கொண்டுவந்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 20 சதவீதம் டி.சி.எஸ். (செலவின்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள் என்றதும் எழுந்த கூச்சலில், மூன்றே நாளில் ஏழு லட்சம் வரை விலக்கு என்றார்கள். ஜூன் 28-ஆம் தேதி கிரெடிட் கார்டு விஷயத்தையே ஒத்திவைத்தார்கள். அந்த ஒத்திவைப்பு தொடர்வதால், வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டைத் தேய்ப்பதற்கு டி.சி.எஸ். இல்லை. பாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பணம் அந்த வரம்புக்குள் வரும். அதற்கும் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் தாண்டினால்தான் பிடித்தம் (2025 ஏப்ரலுக்கு முன் ஏழு லட்சமாக இருந்தது). சாதாரணக் குடும்பம் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தூக்கத்தைக் கெடுப்பது வேறு. ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி புது கார்டு உள்நாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வரும். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிச் செலுத்துவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் வங்கியின் ஆப்பில் தனித்தனி சுவிட்ச். ஊரிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்; கோலாலம்பூர் ஓட்டல் கவுன்டரில் நின்றுகொண்டு, வராத ஓ.டி.பி.க்காகத் திருச்சி சிம்மைக் கழற்றி மாட்டுவது வேடிக்கையாக இருக்காது. திரும்பி வந்ததும் அணைத்துவிடுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்பதில்லை, எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் கிடைத்தால் அவர்களுக்குப் போதும்.

பேரப்பிள்ளையைப் பார்க்க நியூஜெர்சிக்கோ லண்டனுக்கோ போகும் பெற்றோருக்கு, பிள்ளைகள் தங்கள் கார்டில் ஒரு ஆட்-ஆன் எடுத்துக் கொடுப்பது உண்டு. நல்ல ஏற்பாடுதான். அதற்கான ஓ.டி.பி. யார் போனுக்கு வரும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பின் எண்ணை அப்பாவை மனப்பாடம் செய்ய வையுங்கள். ஐரோப்பாவில் ஆளில்லா டிக்கெட் மெஷின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளாது. அமெரிக்க பெட்ரோல் பங்கில் மெஷின் ஐந்து இலக்க ‘ஜிப்’ எண் கேட்டுத் திணறடிக்கும். நம் கார்டுக்கு அது கிடையாது. உள்ளே கடைக்குப் போய், இந்த நம்பர் பம்ப்புக்கு இவ்வளவு என்று சொல்லிக் கட்டிவிட்டு வர வேண்டியதுதான். லண்டன் சுரங்க ரயிலில் நுழையும்போது தட்டிய அதே கார்டையே வெளியேறும்போதும் தட்ட வேண்டும். போனில் ஏற்றி வைத்த அதே கார்டுகூட அங்கே வேறு கார்டாகத்தான் கணக்கு. சிங்கப்பூர் ரயிலிலும் பஸ்ஸிலும் வெளிநாட்டு கார்டைத் தட்டலாம். தட்டிய நாளுக்கு 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஒரு வாரம் தங்கி ஊர் சுற்றுபவர் அங்கேயே பயண அட்டை வாங்கிக்கொள்வது மேல்.

ஓட்டலில் முன்பணத்துக்கு மட்டும் கிரெடிட் கார்டைத்தான் நீட்ட வேண்டும். அவர்கள் அந்தத் தொகையை எடுப்பதில்லை, முடக்கி வைக்கிறார்கள். கிரெடிட் கார்டில் முடங்குவது வங்கி கொடுத்த வரம்பு. டெபிட் அல்லது பாரெக்ஸ் கார்டில் முடங்குவது உங்கள் சொந்தப் பணம். விடுபடச் சில நாட்கள் ஆகலாம், அதற்குள் நீங்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்பீர்கள். இப்படி வரம்பு முடங்கும் என்பதால்தான் இரண்டு கார்டு வேண்டும் என்கிறேன். ஒன்று விசா, இன்னொன்று மாஸ்டர்கார்டு. இரண்டும் வெவ்வேறு வங்கியுடையதாக இருக்கட்டும், ஒரே பர்ஸில் இருக்க வேண்டாம். மார்க்கப் இல்லாதது கையில், மற்றது அறையின் லாக்கரில். இரண்டு வங்கிகளின் உதவி எண்களையும், இந்தியாவுக்கு வெளியிலிருந்து அழைக்கும் எண்ணாகப் பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் செருகிவிடுங்கள். கார்டின் பின்பக்கம் உள்ள 1800 எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது.

(தொடரும்)